பாஸ்தாவுக்கு மாற்று தேடும் முன் மாத்திரையைப் பாருங்கள்

கேள்வி: எனக்கு 43 வயது. தருமபுரியில் ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். நான்கு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் எடுத்துக்கொள்கிறேன். கடைசியாகப் பார்த்த மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 8.1 விழுக்காடு. சனிக்கிழமை இரவுகளில் பிள்ளைகளுக்காக (வயது 15, 11) பாஸ்தா செய்கிறேன். நானும் அதையே சாப்பிடுகிறேன். மறுநாள் காலை சர்க்கரை கூடுதலாக இருக்கிறது. மாவுச்சத்து இல்லாதது என்று கேள்விப்பட்டு ஷிராதாகி நூடுல்ஸ் வரவழைத்தேன். மீன் வாடை வீசியதால் யாரும் தொடவில்லை. ஓசூரிலிருந்து தம்பி வாங்கி வந்த, வெள்ளரி போன்ற சுக்கினி என்னும் காயைச் சீவிச் சமைத்தேன். தண்ணீர் விட்டுக் கூழாகிவிட்டது. இப்போது கடைகளில் ராகி நூடுல்ஸ், சிறுதானிய பாஸ்தா என்று விற்கிறார்கள். இவற்றில் எதை வாங்கலாம்? எழுபது வயதான என் மாமியாரும் எங்களோடுதான் சாப்பிடுகிறார். வீட்டில் முட்டை உண்டு.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் நூடுல்ஸைப் பற்றிய கேள்விக்கு முன்பாக என் கண்ணில் பட்டது கிளிமிபிரைடு என்ற பெயர்தான். ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன். மெட்ஃபார்மின் மட்டும் எடுத்துக்கொள்பவர் ஒரு வேளை மாவுச்சத்தைக் குறைத்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. கிளிமிபிரைடு அப்படிப்பட்ட மருந்தல்ல. அது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிறது. நீங்கள் அன்று இரவு ஒரு தட்டு பாஸ்தா சாப்பிட்டீர்களா, வெறும் காய்கறியைச் சாப்பிட்டீர்களா என்று அது பார்ப்பதில்லை. காவேரிப்பட்டணத்திலிருந்து என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒருவர், இதே வகை மாத்திரையை இரவில் எடுத்துக்கொண்டு, யாரோ சொன்னதைக் கேட்டு இரவுச் சோற்றை அடியோடு நிறுத்திவிட்டார். மூன்றாம் நாள் விடியற்காலையில் உடல் முழுதும் வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறி எழுந்திருக்கிறார். அவருடைய மனைவி விழித்துக்கொண்டு சர்க்கரைத் தண்ணீர் கொடுத்ததால் பிழைத்தார். மாவுச்சத்தைக் குறைக்க வேண்டும் என்று அவர் எடுத்த முடிவில் பிழையில்லை. மருந்தை அதற்கேற்ப மாற்றாமல் விட்டதுதான் பிழை.

ஆகவே பாஸ்தாவுக்கு மாற்றாக எதைச் சமைப்பதாக இருந்தாலும், முதலில் உங்கள் மருத்துவரிடம் சென்று, சனிக்கிழமை இரவில் மாவுச்சத்தைப் பாதி அளவுக்கும் கீழே குறைக்கப் போகிறேன், மாத்திரையின் அளவையோ நேரத்தையோ மாற்ற வேண்டுமா என்று கேளுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்த வேண்டாம். அன்றிரவு வியர்வை, நடுக்கம், திடீர்ப் பசி, கண் மங்கல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டுப் பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். உங்கள் மருந்துச் சீட்டில் டாபாகிளிஃப்ளோசின் போல, பெயர் ‘கிளிஃப்ளோசின்’ என்று முடியும் மருந்து பின்னால் சேர்ந்தால், மாவுச்சத்தை மிகவும் குறைக்கும் உணவு முறை வேறொரு ஆபத்தையும், அதாவது இரத்தத்தில் கீட்டோன் அமிலம் தேங்கும் நிலையையும், கொண்டுவரக்கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இனி பாஸ்தாவுக்கு வருவோம். கடையில் விற்கும் நல்ல பாஸ்தா டியூரம் என்னும் கடினக் கோதுமையின் ரவையால் ஆனது. வேகாத நிலையில் 100 கிராமில் ஏறத்தாழ 75 கிராம் மாவுச்சத்தும் 12 அல்லது 13 கிராம் புரதமும் இருக்கும். அந்த ரவை இறுக்கமாகப் பிசைந்து அழுத்தி உருவாக்கப்படுவதால், புரத வலைக்குள் மாவுச்சத்து அடைபட்டு மெதுவாகச் செரிக்கிறது. இதனால் சம அளவு மாவுச்சத்துள்ள வெள்ளைச் சோற்றைவிடப் பாஸ்தா சர்க்கரையைச் சற்று நிதானமாகவே ஏற்றும், குழைய விடாமல் நடுவில் சிறிது கடிபடும் பதத்தில் இறக்கினால் இன்னும் நிதானமாக ஏற்றும். இதை உங்களுக்குச் சொல்லக் காரணம், பாஸ்தாவை நஞ்சென்று நினைத்து நீங்கள் பயப்பட வேண்டியதில்லை என்பதுதான். சிக்கல் அளவில் இருக்கிறது. நம் வீடுகளில் 500 கிராம் பொட்டலத்தைப் பிரித்து நான்கு பேருக்குப் பங்கிடுவது வழக்கம். அப்படியானால் ஒருவருக்கு 125 கிராம், அதாவது 90 கிராமுக்கு மேல் மாவுச்சத்து. அதன்மேல் மைதாவும் பாலும் சேர்ந்த வெள்ளைச் சாறு (ஒயிட் சாஸ்), அதற்கும் மேல் சீஸ். கொழுப்பு வயிற்றைக் காலி செய்யும் வேகத்தைக் குறைப்பதால் சர்க்கரை உடனே ஏறாமல் மூன்று, நான்கு மணி நேரம் கழித்து ஏறுகிறது. மறுநாள் காலையில் நீங்கள் பார்க்கும் உயர்ந்த எண்ணுக்கு இதுவே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

நீங்கள் குப்பையில் போட்ட ஷிராதாகியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது மோசமான பொருள் அல்ல. ஜப்பானிய மொழியில் அந்தப் பெயருக்கு வெள்ளை அருவி என்று பொருள். ஒகேனக்கல்லில் நின்று பார்த்தவர்களுக்கு, பாத்திரத்தில் விழும் அந்த இழைகளுக்கு ஏன் இப்படிப் பெயர் வைத்தார்கள் என்பது எளிதில் விளங்கும். அதைக் கொன்ஜாக் என்னும் கிழங்கிலிருந்து செய்கிறார்கள். அது நம் சேனைக்கிழங்குக்கு நெருங்கிய உறவு, ஒரே பேரினத்தைச் சேர்ந்தது. இதைக் கேட்டதும் பலர் அப்படியானால் சேனையைச் சாப்பிடலாமே என்கிறார்கள். சேனையில் இருப்பது பெருமளவு சாதாரண மாவுச்சத்து, கொன்ஜாக்கில் இருப்பதோ குளுக்கோமன்னான் என்னும் கரையும் நார்ச்சத்து. நம் குடலின் நொதிகளால் அதைச் சர்க்கரையாக உடைக்க முடியாது. ஷிராதாகியில் ஏறத்தாழ 97 விழுக்காடு தண்ணீர், எஞ்சிய பெரும்பகுதி இந்த நார். 100 கிராமுக்குப் பத்து கலோரி அளவே. அந்த நார் வயிற்றில் பிசுபிசுப்பான கூழாகிச் செரிமானத்தை மெதுவாக்குகிறது. நாள் ஒன்றுக்கு 4 கிராம் குளுக்கோமன்னான் கொலஸ்ட்ராலைச் சீராக வைக்க உதவும் என்பதை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஏற்றுக்கொண்டிருக்கிறது.

மீன் வாடைக்கும் மீனுக்கும் தொடர்பில்லை. கிழங்கு மாவைக் கட்டியாக்கச் சுண்ணாம்புத் தண்ணீர் சேர்க்கிறார்கள். பொட்டலத்தில் நூடுல்ஸ் மிதக்கும் அந்தக் காரத்தன்மையுள்ள தண்ணீரில்தான் வாடை இருக்கிறது. அதைக் கொட்டிவிட்டு, குழாய்த் தண்ணீரில் இரண்டு நிமிடம் நன்றாக அலசி, கொதிநீரில் மூன்று நிமிடம் போட்டு வடித்து, பிறகு எண்ணெய் விடாத அகலமான வாணலியில் இழைகள் கீச்சென்று ஒலி எழுப்பும்வரை வறுக்க வேண்டும். வாடை போவதோடு மேற்பரப்பு உலர்ந்து சாறும் பிடித்துக்கொள்ளும். இத்தனைக்குப் பிறகும் அது பாஸ்தாவைப் போல இருக்காது. வழவழப்பான, சற்றுத் துள்ளும் இழையாகவே இருக்கும். ஆகவே தக்காளியும் சீஸும் சேர்த்த இத்தாலியச் சமையலுக்கு அது பொருந்துவதில்லை என்பது என் கருத்து. மிளகு, இஞ்சி, பூண்டு சேர்த்த காரமான ரசத்திலோ கோழிச் சாறிலோ போட்டால் அழகாக அமைகிறது. மறுபடி வாங்கினால் முதல் நாள் அரைப் பொட்டலத்துக்கு மேல் வேண்டாம். பழக்கமில்லாத வயிற்றில் இந்த நார் காற்றையும் உப்புசத்தையும் உண்டாக்கும், மெட்ஃபார்மின் எடுத்துக்கொள்பவருக்கு அந்தத் தொல்லை இரட்டிப்பாகலாம். மாத்திரைகள் உறிஞ்சப்படுவதையும் இந்த நார் தடுக்கக்கூடும் என்பதால், மாத்திரையை ஒரு மணி நேரம் முன்பாகவோ நான்கு மணி நேரம் கழித்தோ எடுத்துக்கொள்ள முடியுமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கிளிமிபிரைடை உணவோடு எடுத்துக்கொள்வதே வழக்கம் என்பதால் அதன் நேரத்தை நீங்களாக நகர்த்தக் கூடாது.

உங்கள் மாமியாருக்கு ஷிராதாகி வேண்டாம் என்பதை உறுதியாகச் சொல்கிறேன். பற்களால் எளிதில் அறுபடாத, வழுக்கும் பொருள் அது. கொன்ஜாக் சேர்த்த சிறு கிண்ண ஜெல்லிகள் தொண்டையில் அடைத்துக்கொண்டதால் ஐரோப்பிய ஒன்றியம் அவற்றையே தடை செய்திருக்கிறது. நூடுல்ஸ் வேறு வடிவம்தான் என்றாலும், பல்செட் அணிந்தவர்களுக்கும் விழுங்குவதில் சிரமம் உள்ளவர்களுக்கும் அதைக் கொடுக்க எனக்கு மனம் வருவதில்லை.

ராகி நூடுல்ஸ் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். கேழ்வரகின் மீது தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய நம் இரு மாவட்டத்தாருக்கும் உள்ள பற்று எனக்கும் உண்டு. களியும் கீரைக் குழம்பும் உண்டு வளர்ந்தவள் நான். அதில் 100 கிராமுக்கு 364 மில்லிகிராம் கால்சியமும் 11 கிராம் நார்ச்சத்தும் இருப்பதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் மாவுச்சத்தும் ஏறத்தாழ 67 கிராம் இருக்கிறது. சத்துள்ளது என்பதும் மாவுச்சத்துக் குறைந்தது என்பதும் இரண்டு வெவ்வேறு செய்திகள். இரண்டையும் ஒன்றாகக் குழப்பியதால், பணிக்கு வந்த தொடக்க ஆண்டுகளில் நானே சிலருக்குத் தாராளமாக ராகி சேமியாவை எழுதிக் கொடுத்துவிட்டு, அவர்களின் அடுத்த இரத்தப் பரிசோதனையைப் பார்த்து வருந்தியிருக்கிறேன். மென்மையாக அரைத்த மாவை இழையாகப் பிழிந்து வேகவைக்கும்போது அது முழுத் தானியத்தைவிட விரைவாகச் செரிக்கிறது. போதாக்குறைக்கு, முன்பக்கத்தில் ராகி, தினை, சாமை என்று படம் போட்ட பொட்டலங்கள் பலவற்றின் பின்பக்கத்தில் முதலில் இருப்பது கோதுமை மாவோ மைதாவோதான். மூலப்பொருள்களை எடையின் இறங்குவரிசையில் அச்சிட வேண்டும் என்பது விதி. ஆகவே முதல் இரண்டு பெயர்களைப் படித்தாலே பொட்டலத்தின் உண்மை தெரிந்துவிடும். அரிசி நூடுல்ஸும், பயற்றம் மாவுப்பொருளில் செய்யும் கண்ணாடி நூடுல்ஸும் இதே கணக்கில்தான் வரும். பயறு என்ற பெயரைக் கண்டு ஏமாற வேண்டாம், அதில் பயறின் புரதம் நீக்கப்பட்டு மாவுப்பொருள் மட்டுமே எஞ்சியிருக்கிறது.

வெளிநாட்டுப் பொட்டலம் வாங்கினால் இன்னொன்றையும் கவனியுங்கள். அமெரிக்க லேபிளில் கார்போஹைட்ரேட் என்ற எண்ணுக்குள் நார்ச்சத்தும் அடக்கம். அதிலிருந்து நாரைக் கழித்துக்கொள்ளலாம். ஐரோப்பிய லேபிளில் நாரை ஏற்கெனவே கழித்துவிட்டுத்தான் அந்த எண்ணைப் போடுகிறார்கள். அங்கே மறுபடியும் கழித்தால் கணக்குத் தவறிவிடும்.

சுக்கினி கூழானதற்கு நீங்கள் காரணமல்ல. அதில் 95 விழுக்காடு தண்ணீர். அதைப் பாஸ்தாவைப் போலக் கொதிநீரில் போட்டதுதான் நடந்திருக்க வேண்டும். ஆனால் அதற்காக ஓசூர் வரை ஆள் அனுப்ப வேண்டியதில்லை, உழவர் சந்தையிலேயே அந்த வேலையைச் செய்யும் காய்கள் இருக்கின்றன. நான் முதலிடம் கொடுப்பது முட்டைக்கோஸுக்கு. தலையை நான்காகப் பிளந்து, நடுத்தண்டை நீக்கி, இலையின் நீளவாக்கில் மெல்லிய நாடாக்களாக அரிந்து, அரைத் தேக்கரண்டி உப்பைப் பிசறிப் பத்து நிமிடம் வைத்து, கையால் இறுகப் பிழியுங்கள். இரும்பு வாணலியை நன்றாகக் காயவைத்து, ஒரு தேக்கரண்டி எண்ணெயில், மூடி போடாமல், பெருந்தீயில் மூன்று நிமிடம் புரட்டினால் ஓரங்கள் சற்றுச் சிவந்து இழைகள் கடிபடும் பதத்தில் நிற்கும். மூடி போட்டால் ஆவி தண்ணீராகி மறுபடியும் கூழ்தான். 200 கிராம் முட்டைக்கோஸில் நாரைக் கழித்தால் ஆறு, ஏழு கிராம் மாவுச்சத்தே மிஞ்சும். சாற்றைத் தாங்கும் வலு அதற்கு இருக்கிறது, இனிப்பு கலந்த அதன் சுவையும் தக்காளியோடு ஒத்துப்போகிறது.

சௌசௌவை மெல்லிய குச்சிகளாகச் சீவி நான்கு நிமிடம் ஆவியில் வைத்தால் அதுவும் உருக்குலையாமல் நிற்கும். பிஞ்சுச் சுரைக்காயைத் தோலும் விதைப்பகுதியும் நீக்கிப் பீலரால் நீளநீளமாகச் சீவி, உப்பிட்டு, துணியில் முறுக்கிப் பிழிந்து, கொதிக்கும் சாறில் ஒரே நிமிடம் புரட்டி எடுத்தால் அகலமான பாஸ்தாவின் தோற்றமே வரும். சுரைக்காயைச் சமைக்கும் முன் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் முழுக்காயையும் எறிந்துவிடுங்கள். அந்தக் கசப்பு குகர்பிட்டாசின் என்னும் நச்சுப்பொருளின் அடையாளம், வேகவைத்தாலும் அது போகாது.

காய்கறி நூடுல்ஸைச் சாப்பிட்டவர்கள் பெரும்பாலோர் என்னிடம் சொல்லும் குறை, இரண்டு மணி நேரத்தில் பசிக்கிறது என்பது. அது நியாயமான குறை. பாஸ்தாவை எடுத்துவிட்ட இடத்தில் காயை மட்டும் வைத்தால் மாவுச்சத்தோடு அதிலிருந்த புரதமும் போய்விடுகிறது. பசித்தவர் இரவு பத்து மணிக்கு முறுக்கு டப்பாவைத் திறக்கிறார், குறைத்ததெல்லாம் திரும்பி வந்துவிடுகிறது. உங்கள் தட்டில் புரதத்தை நீங்களே சேர்க்க வேண்டும். இரண்டு முட்டையை அடித்து, வாணலியில் மிக மெல்லிய அடையாக ஊற்றி, சுருட்டி, விரல் அகலத்தில் அரிந்தால் அவிழ்ந்து நாடாக்களாகும். ஒரு முட்டையில் ஆறு கிராம் புரதம், மாவுச்சத்து ஒரு கிராம்கூட இல்லை. பன்னீரையும் அப்படியே நீளத்துண்டுகளாகச் சேர்க்கலாம்.

இடியாப்ப அச்சு வீட்டில் இருக்குமானால் கடலை மாவில் ஒரு முயற்சி செய்து பாருங்கள். என் சமையலறையில் நான் பலமுறை செய்தது. ஒருவருக்கு 40 கிராம் மாவில் உப்பு, மிளகுத்தூள், அரைத் தேக்கரண்டி எண்ணெய் சேர்த்து, சிறிதளவு வெந்நீர் விட்டுக் கெட்டியாகப் பிசைந்து, சற்றுப் பெரிய கண் கொண்ட அச்சில் இட்டு, கொதிக்கும் தண்ணீரில் நேரடியாகப் பிழிந்துவிடுங்கள். இழைகள் மேலே மிதந்து வந்ததும் இன்னும் ஒரு நிமிடம் விட்டு அரித்தெடுக்கலாம். இதில் மாவுச்சத்து இல்லாமல் இல்லை, நாரும் சேர்த்து 23 கிராம் வரை வரும். ஆனால் ஒன்பது கிராம் அளவுக்குப் புரதமும் கிடைப்பதோடு, கடலையின் மாவுச்சத்து மெதுவாகவே இரத்தத்தில் சேரும். மாவு தளர்ந்தால் இழை கரைந்துவிடும், அதில் மட்டும் கவனம் வேண்டும்.

சாறைப் பொறுத்தவரை, கடையில் விற்கும் பாஸ்தா சாஸ் பலவற்றில் சர்க்கரையும் சோள மாவும் இருக்கின்றன. ராயக்கோட்டைத் தக்காளி வந்து குவியும் மாவட்டங்களில் நாம் அதை வாங்க வேண்டிய தேவை எனக்குத் தெரியவில்லை. நன்கு பழுத்த அரைக் கிலோ தக்காளியைப் பூண்டோடும் இரண்டு தேக்கரண்டி எண்ணெயோடும் சேர்த்து, எண்ணெய் பிரியும்வரை சுண்டக் காய்ச்சுங்கள். காய்கறி நூடுல்ஸ் தட்டிலும் சிறிது நீர் விடும் என்பதால் சாறு வழக்கத்தைவிடக் கெட்டியாக இருப்பதே நல்லது. வெள்ளைச் சாறு வேண்டுமென்றால் மைதாவை விட்டுவிட்டுப் பன்னீரைச் சிறிது பாலோடு விழுதாக அரைத்துச் சேர்க்கலாம்.

என் கருத்தில் உங்கள் வீட்டுக்கு ஏற்றது முழு மாற்று அல்ல, பாதி மாற்று. ஒரே சாறைச் செய்யுங்கள். பிள்ளைகளுக்கு வழக்கமான பாஸ்தாவைக் கொடுங்கள். வளரும் வயதில், நோயில்லாத அவர்களுக்கு மாவுச்சத்தைப் பறிக்க எந்தக் காரணமும் இல்லை, அளவை மட்டும் பார்த்து, முட்டைக்கோஸ் நாடாக்களைக் கால் பங்கு கலந்துவிட்டால் போதும். உங்கள் தட்டுக்குச் சமைக்கும் முன்பே தராசில் 40 கிராம் பாஸ்தாவை எடைபோட்டுத் தனியாக வேகவையுங்கள். அது 30 கிராம் மாவுச்சத்து. அதோடு 200 கிராம் முட்டைக்கோஸ் நாடாவும் இரண்டு முட்டையின் அடைநாடாவும் கலந்தால் தட்டு நிறையும், வயிறும் நிறையும், முன்பு சாப்பிட்டதில் பாதி மாவுச்சத்துக்கும் குறைவாகவே இருக்கும். முதலில் காயையும் முட்டையையும் சாப்பிட்டுவிட்டுப் பாஸ்தாவைக் கடைசியில் சாப்பிட்டால் சர்க்கரை ஏறும் வேகம் மேலும் தணிகிறது. மாமியாருக்கு நீளமான இழை எதுவும் வேண்டாம். சுரைக்காயைச் சிறு துண்டுகளாக அரிந்து, நன்றாக வேகவைத்து, குழைந்த பாஸ்தா சிறிதளவோடு அதே சாறில் கலந்து கொடுங்கள்.

எது உங்களுக்குப் பொருந்துகிறது என்பதை உங்கள் குளுக்கோமீட்டரே சொல்லும். ஒரு சனிக்கிழமை இந்தப் பாதித்தட்டையும், அடுத்த வாரம் கடலை மாவு இழையையும், விரும்பினால் அதற்கடுத்த வாரம் ஷிராதாகியையும் சமைத்து, ஒவ்வொரு முறையும் சாப்பிடும் முன்னும், முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரத்திலும், நான்கு மணி நேரத்திலும் சர்க்கரையைப் பார்த்து ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். ஆகவே அன்று ஏழு மணிக்கே சாப்பிட்டுவிடுவது வசதி. இரண்டு மணி நேர அளவு 180-க்குள் இருக்க வேண்டும். நான்கு மணி நேர அளவு அதைவிடக் குறைந்திருக்க வேண்டும், கூடியிருந்தால் அன்று சீஸையோ எண்ணெயையோ எவ்வளவு சேர்த்தீர்கள் என்று பக்கத்தில் எழுதுங்கள். அந்த நோட்டை, மாத்திரையைப் பற்றிப் பேச மருத்துவரிடம் செல்லும்போது கையோடு எடுத்துச் செல்லுங்கள்.